போயா நாளில திறைசேரி பூட்டு

இந்த வாவிக்கு அங்கால படுவான்கரை, இங்கால எழுவான்கரை. ரெண்டு கரையையும் அரிச்சுப் பாத்தாலும் நம்மட திறைசேரியாரப் போல ஒரு மனிசன் கிடையாது. கச்சேரி எண்ட அரசாங்கக் கந்தோர்ல பணம் வைக்கிற அறையத்தான் திறைசேரி எண்டுறது. அந்த இரும்புக் கதவுக்கு முன்னால மர வாங்கு போட்டுக் குந்தி முப்பது வருஷம் காவல் இருந்தவர். உள்ளுக்க என்ன இரிக்கி எண்டு ஒரு நாளும் எட்டிப் பாக்கல்ல. கேட்டா, "அது என்ட அலுவல் இல்ல" எண்பார்.

பென்சன் எடுத்த மறுகிழமையே அவர்ட வீட்டு விறாந்தையில ஒரு இரும்பு அலுமாரி வந்திற்று. ஊராக்கள்ட நகை, காணி உறுதி எல்லாம் பத்திரமா வைக்க இவரும் திறைசேரி நடத்துறாராம்! காலையில ஒம்பதுக்குத் திறப்பார், மத்தியானம் பூட்டிற்று அதிலயே இருந்து சோறு தின்பார், மூணு மணியோட சரி. நம்மட நகைய நாம எடுக்கிறதுக்கும் கைநாட்டும் ரெண்டு சாட்சியும் வேணும். ஒருக்கா அவர்ட பொஞ்சாதி தன்ட காதுத் தோட்டக் கேட்டதுக்கு, "சாட்சி எங்க?" எண்டாராம். அண்டைக்கு மனிசனுக்குச் சோறில்ல.

மறுகா, திறைசேரி எண்டா எத்தின அர்த்தம் பாருங்க. கோயில்ல சாமிட நகை வைக்கிற அறையும் அதுதானாம். நல்ல பாட்டுகளச் சேத்த புத்தகத்தையும் கருவூலம், அதான் திறைசேரி, எண்பாங்களாம். நான் சொல்லச் சொல்ல இத எழுதுற பேத்தி சொல்றாள். எனக்கு அந்த அலுமாரியத்தான் தெரியும்.

ஏனெண்டா, என்ட மூத்தவன் பொம்பிளைக்குக் கட்ட வேண்டிய தாலிக்கொடி அதுக்குள்ளதான் கிடந்துது. பலகாரம் சுடுற அவதியில முதல் நாள் எடுக்க மறந்திற்றன். கலியாணத்தண்டு எட்டு மணிக்கு ஞாபகம் வந்து ஓடுறன். மனிசன் அலுமாரிக்கு முன்னால கதிரையில இரிக்கார்.

"இண்டைக்குப் போயா, பௌர்ணமி லீவு. திறைசேரி பூட்டு."

"அண்ணே, முகூர்த்தம் ஒம்பதரைக்கு!"

"நாளைக்கு வாங்க புள்ள."

"நாளைக்குப் பொம்பிளை தருவாங்களா? உங்கட தலையில இடி விழ!"

அந்த நேரம் பாத்து மகன் போன் அடிக்கான். "அம்மா, எங்க நிக்கீங்க? ஐயர் மணியப் பாக்கார். பொம்பிளைட தகப்பன் மீசைய முறுக்குறார்." அவன் கத்திக்கொண்டே இரிக்கான். போனத் திறைசேரியார்ட காதுல வச்சிற்றன்.  மனிசன் கேட்டிற்று எழும்பி, கழுத்தில கிடந்த அலுமாரித் திறப்பக் கழட்டி என்ட கையில தந்தார்.

"நான் இப்ப வேலைய விட்டிற்றன். காவல்காரன் இல்லாத திறைசேரிய ஆரும் திறக்கலாம்."

சொல்லிற்று முதுகக் காட்டிக்கொண்டு நிண்டார்.

திறப்பப் போட்டுத் திருகுறன், சும்மா சுத்துது. கை பட்ட உடன கதவு தானாத் திறந்திற்று!

தாலி ஏறிச்சு. பின்னேரம் வெத்திலையோட போய், பெருவிரல மையில தோச்சு, கடதாசியில குத்தி, அவருக்குத் திரும்ப வேலை குடுத்தன். பிறகு மெல்லமாச் சொன்னன்.

"அண்ணே, அந்தப் பூட்டு வேலை செய்யல்ல."

"தெரியும் புள்ள. வெள்ளத்தில துருப்பிடிச்சுப் போயிற்று. அதாலதானே நான் அலுமாரிய விட்டு அசையிறதில்ல."

விடிஞ்ச உடன மகள்ட சங்கிலியையும் கொண்டு போய் அவர்ட கையிலயே குடுத்தன்.