இடைவேளைப் பேச்சு

“அஞ்சே நிமிஷம் பேசுங்க சார், போதும். நாம எப்படி ஜெயிச்சோம்னு. சனிக்கிழமை மதிய விருந்துல” என்று மேனேஜர் சந்திரசேகரன் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து விநாசித்தம்பிக்கு வேலை ஓடவில்லை.

எப்படி ஜெயித்தார்கள் என்பது அவருக்கே தெரியாது.

பாயான் லெப்பாசில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் அவர் தலைமைக் குமாஸ்தா. பெண்கள் காற்பந்துக் குழுவுக்குப் பயிற்சியாளர் வேண்டுமென்று கேட்டபோது வேறு யாரும் கை தூக்காததால் இவர் தூக்கினார். விதிகளைப் புத்தகத்தில் படித்துக்கொண்டார். பயிற்சி நாளில் விசில் ஊதுவார். ஆட்டத்தின் இடைவேளையில், ஆரஞ்சுப் பழங்களை நார்கூட இல்லாமல் உரித்து ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் வைத்தபடி பொறுமை, பணிவு, இறைவன் கருணை என்று நல்ல வார்த்தை சொல்லுவார். ஆட்டம் முடிந்தால் தொழிற்சாலை பஸ்ஸில் கூடவே போய், ஒவ்வொருத்தியும் வீட்டுக்குள் நுழையும்வரை பஸ்ஸைப் புறப்பட விடமாட்டார். அவர் செய்தது அவ்வளவுதான்.

வெற்றிக் கிண்ணப் போட்டியின் முதல் ஆட்டம் சமனாகி, கூடுதல் நேரத்துக்குப் போனது. அதற்கு முன் கிடைத்த சிறு இடைவெளியிலும் பேசினார். நடுவர் பலமுறை விசில் ஊத வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு எந்த ஆட்டமும் கூடுதல் நேரத்துக்குப் போகவில்லை. முதல் பாதியில் பின்தங்கியே இருப்பார்கள். இரண்டாம் பாதியில் பேய் பிடித்ததுபோல் ஓடுவார்கள். சிம்பாங் அம்பாட் அணியோடு நடந்த இறுதியாட்டத்திலும், கடைசி நிமிடத்தில் கேப்டன் நவமணி சேற்றில் விழுந்துகொண்டே உதைத்த கோல்தான் கிண்ணத்தைக் கொண்டுவந்தது.

இதில் தன் பங்கு என்ன? தனக்குச் சேராத புகழை வாங்குவதும் திருட்டுதான் என்று நினைப்பவர் விநாசித்தம்பி. வெள்ளிதோறும் தண்ணீர்மலைக் கோயிலுக்கு ஏறும் மனிதர், சனிக்கிழமை மேடையில் ஏறித் திருடலாமா?

கேன்டீனில் நவமணியைப் பிடித்தார். பக்கத்தில் கோல்கீப்பர் ரொஸ்னா இருந்தாள். மலாய்ப் பெண்ணானாலும் எஸ்டேட்டில் தமிழ்ப் பிள்ளைகளோடு வளர்ந்தவள் அவள்.

“உண்மையைச் சொல்லும்மா. நாம எதனால ஜெயிச்சோம்?”

நவமணி தேநீரைப் பார்த்தாள். “உங்க பேச்சுதான் சார்.”

“என் மனசு குளிரணும்னு சொல்லாதே.”

“சத்தியமா சார்!”

“ஆமா சார்” என்றாள் ரொஸ்னா. “நீங்க பேசலைன்னா நாங்க அப்படி ஓடியே இருக்க மாட்டோம் லா.”

நவமணி மேசைக்கடியில் அவள் காலை மிதித்தாள்.

பிள்ளைகள் இரக்கப்பட்டுப் பொய் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தோன்றியது. நேரே மேனேஜரிடம் போனார்.

“சார், நான் பேச வேணாம். ஜெயிச்சதுல என் பங்கு ஒண்ணுமில்லை.”

சந்திரசேகரன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். “பார்த்தீங்களா, இந்தப் பணிவுதான்! அஞ்சு நிமிஷம் எப்படிப் பத்தும்? கால் மணி நேரம் பேசுங்க.”

மறுநாள் விநாசித்தம்பி வேறு வழி பார்த்தார். ஓடியது பிள்ளைகளின் கால். அதனால் நவமணியே பேசட்டும் என்றார். மேனேஜர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். மைக் என்றதுமே அவள் கதவுப் பக்கம் பின்வாங்கினாள்.

“ஐயோ, நான் மாட்டேன் சார்! அவர் பேசுனதாலதான் ஜெயிச்சோம். அவரையே பேசச் சொல்லுங்க.”

மேனேஜருக்குக் கண் கலங்கிவிட்டது. கால் மணி அரை மணியானது. புக்கிட் தெங்கா கிளையின் மேலதிகாரிகளுக்கும் அழைப்புப் போனது. சாப்பிட்ட மயக்கத்தில் யாரும் தூங்கிவிடக் கூடாதென்று, பேச்சு முடிந்த பிறகே சாப்பாடு என்றும் முடிவானது.

சனிக்கிழமை விநாசித்தம்பி திருநீறு பூசிக்கொண்டு மேடை ஏறினார். எது வந்தாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்திருந்தார்.

“என் பேச்சால ஜெயிச்சோம்னு எல்லாரும் சொல்றாங்க. அதுல ஒண்ணுமே இல்லை. நீங்களே கேட்டுட்டு முடிவு பண்ணுங்க” என்று தொடங்கி, ஒவ்வோர் ஆட்டத்தின் இடைவேளையிலும் பேசியதை ஒரு சொல் விடாமல் வரிசையாகப் பேசிக் காட்டினார். முதல் ஆட்டத்தில் இரண்டு முறை பேசியதால் இங்கேயும் இரண்டையும் பேசினார்.

மீ கோரெங் நூடுல்ஸ் ஆறியது. ஐஸ் உருகியது. புக்கிட் தெங்கா அதிகாரி ஒருவர் கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார்.

“அக்கா” என்று ரொஸ்னா கிசுகிசுத்தாள். “இங்க கோல் போஸ்ட் எங்க இருக்கு?”

“சும்மா இருடி” என்றாள் நவமணி.

ஒருவழியாகப் பேச்சு முடிந்ததும் எழுந்த கைதட்டலில் கூரைத் தகரம் அதிர்ந்தது. மேனேஜர் மைக்கைப் பிடுங்கிக்கொண்டார்.

“அடுத்த வருஷம் இடைவேளையில மட்டுமில்ல, ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாலயும் சார் பேசுவார்!”

பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பஸ்ஸில் விநாசித்தம்பி வழக்கம்போல் டிரைவர் அய்யாக்கண்ணுவின் பின்னால் உட்கார்ந்தார். இந்த வருடத்தின் எல்லா ஆட்டத்தையும் பார்த்தவர் அய்யாக்கண்ணு. பிள்ளைகள் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கடைசியாக நவமணி இறங்கினாள். அவள் வீட்டுக்குள் போய்க் கதவருகே நின்று கையசைக்கும்வரை பஸ் நின்றது.

“போகலாம்” என்றார் விநாசித்தம்பி. பிறகு பெருமூச்சு விட்டார். “அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. என் பேச்சுல அப்படி என்ன இருக்கு? ஏன் எல்லாரும் பொய் சொல்றாங்க?”

“பொய் இல்லீங்க ஐயா. உங்க பேச்சாலதான் ஜெயிச்சாங்க.”

“நீங்களுமா?”

அய்யாக்கண்ணு கியரை மாற்றிவிட்டு, கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தார்.

“மேட்ச் டிரா ஆச்சுன்னா நீங்க மறுபடியும் பேசுவீங்க. உங்க முகத்தைப் பார்த்து ‘போதும் சார்’னு சொல்றதைவிட ஒரு கோல் போட்டுடறது சுலபம்னு பிள்ளைங்க முடிவு பண்ணிட்டாங்க ஐயா.”