பைனாப்பிள் ஜூஸும் பூண்டு வியாபாரி மூக்கும்

"மாப்பிள்ளைக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் கிடையாது" என்று ஒரு கல்யாணத் தரகர் சொன்னால், அவர் இன்னும் விசாரிக்கவே இல்லை என்று அர்த்தம். என் பெரியப்பா மகள் கலா அக்காவுக்கும் எங்கள் குடும்பத் தரகர் இதைத்தான் சொன்னார். மறுவீட்டு விருந்தன்று அந்த மாப்பிள்ளையை வாழைத்தோப்பிலிருந்து நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ("வெயில் ஒத்துக்கல" என்றார் தரகர். அது மார்கழி மாசம்.)

ஆகவே, அதே தரகர் வடுகபட்டியிலிருந்து எனக்கு வரன் கொண்டுவந்தபோது நான் யாரையும் நம்புவதாக இல்லை. எனக்கு அப்போது இருபத்து நாலு வயசு. தேனியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டைப்பிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். துப்பறிவதில் என்னை மிஞ்ச மாவட்டத்திலேயே ஆள் இல்லை என்று ஒரு நினைப்பு வேறு.

மாப்பிள்ளை பெயர் ரவி. போட்டோவில் கண் லேசாகச் சிவந்திருந்தது. (பாஸ்போர்ட் சைஸ் போட்டோவில் காந்தியே வந்தாலும் அப்படித்தான் இருப்பார் என்பது அப்போது தோன்றவில்லை.) அவருடைய அப்பா பூண்டு வியாபாரி. கண்ணைக் கட்டிவிட்டாலும் மூட்டையை மோந்து பார்த்து, எந்த ஊர்ப் பூண்டு, பிடுங்கி எத்தனை நாளாச்சு என்று சொல்லிவிடுவாராம். "அவுக வெத்தலகூடப் போட மாட்டாக" என்றார் தரகர். எனக்குச் சந்தேகம் இன்னும் கூடியது. இவ்வளவு சுத்தமான குடும்பம் எதற்கு என் அளவுக்கு இறங்கி வருகிறது?

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு சமையல் வீடியோ வந்தது. பினா கோலாடா என்கிற வெளிநாட்டு ரம் பானம், மது கலக்காமல். பைனாப்பிள், தேங்காய்ப்பால், சர்க்கரை, ஐஸ், அவ்வளவுதான். கடைசியில் அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாள்: கேக்கில் ஊற்றுகிற ரம் எசன்ஸ் ரெண்டு சொட்டு விட்டால் அசல் மாதிரியே இருக்கும், போதைதான் இருக்காது.

எனக்குப் பொறி தட்டியது. பெண் பார்க்க வரும்போது காபிக்குப் பதில் இதைக் கொடுப்போம். குடிக்கிறவன் என்றால் வாசம் பட்டதும் முகம் மலரும். குடிக்காதவன் என்றால் சுளிக்கும். இதை ஒருத்தரிடமும் சொல்லவில்லை. தேனியில் கேக் சாமான் விற்கும் கடைக்குப் போய்க் கட்டைவிரல் உயரத்தில் ஒரு பாட்டில் வாங்கினேன். கடைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கேக்குக்குண்ணே" என்றேன், அவர் கேட்காமலே. (குற்றவாளிகள் இப்படித்தான் மாட்டுகிறார்கள்.)

அன்றைக்குக் காலையில் நான் பைனாப்பிளைச் சீவிக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள்.

"இது என்னடி?"

"பினா கோலாடா."

"பெத்தவளப் பாத்து டா போட்டுப் பேசுறியா?"

"அது பேரும்மா. ஜூஸு."

"கேசரி கிண்டியாச்சு, பஜ்ஜியும் போட்டாச்சு. இப்ப எதுக்கு ஜூஸு? நீ என்னமோ பண்ணப் போற. உன் மூஞ்சியே சரியில்ல."

தாய் அறியாத சூல் உண்டா? முந்தானையைச் செருகிக்கொண்டு அங்கனயே காவலுக்கு நின்றாள். வாசலில் கார் சத்தம் கேட்டு, "வந்துட்டாக, வந்துட்டாக" என்று அவள் ஓடிய பிறகுதான் பாட்டிலைத் திறக்க முடிந்தது.

ரெண்டு சொட்டு விட்டு மோந்து பார்த்தேன். காலையில் அரைத்த காரச் சட்னி வாசம்தான் மிக்சியிலிருந்து வந்தது. இன்னும் நாலு சொட்டு. சட்னியே ஜெயித்தது. பதற்றத்தில் பாதிப் பாட்டிலைக் கவிழ்த்துவிட்டேன். இப்போது ஜெயித்தது ரம்.

தட்டை ஏந்திக்கொண்டு ஹாலுக்குப் போனேன். மாப்பிள்ளை, அவர் அம்மா, அப்பா, தரகர், எதிரே என் அப்பா, நடுவில் கேசரியும் பஜ்ஜியும். ஒவ்வொரு கிளாஸிலும் ஒரு துண்டு பைனாப்பிள் செருகியிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா கிளாஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, குடிக்காமல் மடியில் வைத்துக்கொண்டார். நான் ரவியின் முகத்தையே வைத்த கண் வாங்காமல் பார்த்தேன். (வெட்கமில்லாத பொண்ணு என்று தரகர் பிற்பாடு ஊரெல்லாம் சொன்னார்.)

ரவி ஒரே மூச்சில் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, "இன்னொரு கிளாஸ் கிடைக்குமா?" என்றார்.

மாட்டினான்!

நான் உள்ளுக்குள் கெக்கலி கொட்டிய அதே நேரம், பூண்டு வியாபாரி ஒரு மடக்குக் குடித்தார். கண்ணை மூடினார். இன்னொரு மடக்கு. அதை வாய்க்குள்ளேயே கொஞ்ச நேரம் வைத்திருந்து விழுங்கினார். அப்புறம் கிளாஸைக் கீழே வைத்தார்.

"ரம்மு" என்றார்.

தரகர் தன் கிளாஸை மெல்லத் தள்ளி வைத்தார்.

"பொண்ணு பாக்க வந்த எடத்துல சாராயத்தக் கலந்து குடுக்கீகளே, இது என்ன மரியாத?" என்று எழுந்தார். "நல்ல ரம்மாக்கூட இல்ல. மட்டமான ரம்மு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "ஆத்தா, என்னத்தக் கலந்த? நெசத்தச் சொல்லு."

நான் அடுப்படிக்கு ஓடிப் பாட்டிலை எடுத்துவந்தேன். நிரபராதி என்று நிரூபிக்கக் கொண்டுவந்த சாட்சியின் நெற்றியில் 'ரம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அம்மா தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "கேக் எசன்ஸுப்பா, கீழ படிங்க" என்று கெஞ்சினேன். அப்பா கண்ணாடியைத் தேடிப் போட்டு, எறும்பு சைஸ் எழுத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். மது கலக்காதது. செயற்கை மணம்.

"வெறும் வாசந்தாங்க" என்றார் அப்பா, உயிர் திரும்பி வந்த குரலில்.

எல்லோரும் மூச்சு விட்டோம், ஒருத்தரைத் தவிர. மாப்பிள்ளையின் அம்மா மடியில் இருந்த கிளாஸை எடுத்து நிதானமாக மோந்து பார்த்தார். பிறகு புருஷன் பக்கம் திரும்பினார்.

"எனக்கு இது கேக்கு வாசமாத்தான தெரியுது. உங்களுக்கு மட்டும் எப்பிடி ரம்முன்னு தெரிஞ்சுச்சு?"

"அது... ஒரு ஊகந்தான்."

"நல்லது எது, மட்டம் எதுன்னுகூடத் தெரியுது. பூண்டுல பழகுன மூக்கு. ரம்முல எப்பப் பழகுச்சு?"

பூண்டு வியாபாரி தரகரைப் பார்த்தார். தரகர் பஜ்ஜியைப் பார்த்தார்.

"மாசாமாசம் சரக்கு பாக்க மதுரைக்குப் போறேம்பீகளே" என்றார் அந்த அம்மா, குரலை உயர்த்தாமல். "எந்தச் சரக்கு?"

ரவிக்குச் சிரிப்பு தாங்காமல் ஐஸ் புரையேறிவிட்டது. அவர் இருமி முடிப்பதற்குள் குடும்பத்தோடு காரில் ஏறிப் போய்விட்டார்கள். கேசரியை யாரும் தொடவில்லை. அம்மா அதைச் சட்டியோடு உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். தரகர் மட்டும் பஜ்ஜியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு போனார். ஒரு மனுஷனை அவர் மனைவி, மகன் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டோமே என்று அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூணாம் நாள் ரவியின் அம்மாவே என் அப்பாவுக்குப் போன் செய்தார். "இருவத்தெட்டு வருசமா என்னால கண்டுபிடிக்க முடியாதத ஒரு கிளாஸு ஜூஸுல கண்டுபிடிச்சிருக்கா. எனக்கு இந்தப் பொண்ணுதான் வேணும்."

நான் சம்மதிக்கும் முன் ரவியிடம் தனியாக ஒன்று கேட்டேன். எதற்கு இரண்டாவது கிளாஸ்?

"வாசத்தப் பாத்து ஏதோ இருமல் மருந்து கலந்துட்டீகன்னு நெனச்சேன். ஆனா உங்க வீட்டுக் கேசரியப் பாத்ததும் அதுக்கு இது தேவலன்னு தோணுச்சு" என்றார். பொய் சொல்லத் தெரியாத ஆள். கட்டிக்கொண்டேன்.

கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிறது. பூண்டு வியாபாரி, இப்போது என் மாமா, அன்றைக்கே எல்லாவற்றையும் விட்டுவிட்டதாகச் சொல்கிறார். (விசாரணை இன்னும் முடியவில்லை.) எங்கள் வீட்டில் இப்போது யாரும் 'குடி' என்ற வார்த்தையைச் சொல்வதில்லை. சொந்தக்காரர் யாராவது விசேஷ வீட்டில் தள்ளாடினால், "ஆளு பைனாப்பிள்ல இருக்காரு" என்பார்கள். மாமா கம்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்க் கொஞ்சம் தாமதமாகத் திரும்பினாலும், அத்தை வாசலிலேயே நின்று, சாப்பிட்டீகளா என்று கேட்பதற்கு முன் ஒரே வார்த்தைதான் கேட்பார்.

"பைனாப்பிளா?"

மாமா அவரை விட்டுவிட்டு, உள்ளே நிற்கிற என்னைத்தான் முறைப்பார்.