எடை மெஷினில் என் கால் கட்டைவிரல்

மரியாதைக்குரிய சம்பந்தியம்மாவுக்கு,

உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள் வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி தேவலையா, சம்பந்தி ஐயாவுக்கு இருமல் நின்றதா என்று முதலிலேயே கேட்டுவிடுகிறேன். பிறகு கேட்க எனக்கு முகம் இருக்காது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அடித்தல் திருத்தலைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பேத்தி பிறந்து மூன்று நாள். ஒன்றே முக்கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறாள். மூக்கு என்னுடையது; மற்றதெல்லாம் இனிமேல்தான் வளர வேண்டும். "தாய்க்குப் பத்து கிலோ ஏறியிருக்கு, பிள்ளை மட்டும் ஏன் இவ்வளவு சிறுசு?" என்று டாக்டரம்மா மாதாமாதம் எடை குறித்த அட்டையைப் பார்த்துப் பார்த்துக் குழம்புகிறார். உங்கள் மகள் உடம்பில்தான் ஏதோ நோய் என்று தினமும் ரத்தம் எடுக்கிறார்கள். அவளே ரத்தமில்லாத பெண். "தின்னதையெல்லாம் நானே வெச்சுக்கிட்டேன் அத்தை, பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்கல" என்று சுவரைப் பார்த்து அழுகிறாள்.

அந்த அட்டை பொய், சம்பந்தியம்மா. அதில் பாதி எடை என்னுடையது.

நாலாம் மாதம் ஓயாத வாந்தியில் அவள் எடை இறங்கியபோது, ஆஸ்பத்திரி வரிசையில் இருபது பேர் நிற்க, "வீட்ல யாரும்மா சமைக்கிறது? இந்தப் பொண்ணுக்குச் சோறு போடுறீங்களா இல்லையா?" என்று நர்ஸ் கேட்டுவிட்டாள். பள்ளி விடுதியில் முப்பது வருஷம் நூற்றைம்பது பேருக்குச் சமைத்துப் போட்டவளைப் பார்த்து! முட்டை, பருப்பு, கீரை, பால், எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுக்கச் சொன்னாள். என் அடுப்பென்ன டீக்கடையா, மணிக்கொரு தரம் பற்றவைக்க? நான் தட்டு நிறைய மூன்று வேளைதான் வைத்தேன். அவள் நாலு வாய் தின்று குமட்டுவாள். மறுமாதம் அவள் எடை மெஷினில் ஏறியபோது பின்னால் ஒட்டி நின்று என் கால் கட்டைவிரலை மெல்ல வைத்தேன். முள் ஏறியது. நர்ஸ் சிரித்தாள். அன்றைக்கு உங்களுக்குப் போன் போட்டு, "என் கைச் சாப்பாட்டுல உங்க பொண்ணு எப்படித் தேறிட்டா பாருங்க"ன்னு பீத்திக்கிட்டேனே, அது இந்த விரல்தான்.

ஏழாம் மாதம் பின்னாலிருந்து ஒருத்தி இடித்துவிட்டாள்; விரல் போக வேண்டிய இடத்துக்குப் பாதமே போய்விட்டது. ஒரே மாதத்தில் நாலு கிலோ! நர்ஸ் பதறி, சாப்பாட்டைக் குறைக்கும்படி அட்டையில் சிவப்பு மையால் எழுதினாள். அப்போதுதான் அவளுக்கு வாந்தி நின்று பசிக்கத் தொடங்கியிருந்தது. சொல்பேச்சு கேட்கிற பெண். பாலை நிறுத்தினாள், முட்டையை நிறுத்தினாள். "பசிக்குதாடி?" என்றால் "இல்லத்தை" என்பாள். நான் தட்டைக் கழுவினேன். விரலை எடுத்தால் குட்டு வெளிப்படும். கடைசி மாதம் வரை எடுக்கவில்லை.

ஆகையால் நீங்கள் திங்கட்கிழமை வந்ததும், அந்த மெஷின் பழுதென்று யாரோ சொன்னதாக டாக்டரம்மா காதில் போட்டுவிடுங்கள். நீங்கள் பத்தாவது படித்தவர், நம்புவார்கள். உங்கள் மகளிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள்.

பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு ஆசி. எல்லாரிலும் சின்னவளுக்கு ஆசி சொல்லப் பெட்டியில் கை நுழைக்க ஓர் ஓட்டை இருக்கிறது. எனக்குத்தான் கை போகவில்லை.

இப்படிக்கு,
உங்கள் சம்பந்தி

பி.கு.: மேலே கேட்டது எதையும் செய்ய வேண்டாம். உறையில் விலாசம் எழுதித் தரச் சொல்லி மருமகளிடமே கொடுத்தேன்; ஒட்ட மறந்திருக்கிறேன். முழுதும் படித்துவிட்டாள். "அப்போ என் உடம்புல ஒரு கோளாறும் இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். "நான் பட்டினி கெடந்தேன், அவளும் பட்டினி கெடந்தா. அவ்வளவுதானா?" ஆமாம் என்றேன். வெகுநேரம் அழுதாள். பிறகு கடிதத்தோடு சுவரைப் பிடித்துப் பிடித்து டாக்டரம்மா அறைக்குப் போய்வந்தாள். ரத்தம் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். நான் கொண்டுபோன முட்டையை அவள் தொடவில்லை. பால் சுரக்க அவள் சாப்பிட்டாக வேண்டும், திங்கட்கிழமை வரை தாங்காது. கடிதம் கண்டவுடன் புறப்படுங்கள். அடுப்பைத் துடைத்து உங்களுக்காக விட்டுவைத்திருக்கிறேன். உப்பு எங்கே இருக்கிறது என்பதை மட்டும் வாசலில் நின்று சொல்கிறேன்.