குடல் பாக்டீரியாவும் பொம்மிடி சம்பந்தமும்

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். சிலருக்கு நாக்கு உலரும். எனக்கு வயிறு கலக்கும். பொதுத்தேர்வு, டிரைவிங் லைசென்ஸ், வேலைக்கான நேர்காணல் என்று என் வாழ்க்கையின் முக்கியமான கட்டங்களையெல்லாம் கழிப்பறையிலிருந்து அரக்கப்பரக்க ஓடிவந்துதான் சந்தித்திருக்கிறேன்.

இப்படிப்பட்டவனைத்தான் எங்கள் பள்ளியின் அறிவியல் விழாவில் பேசச் சொன்னார்கள். கடத்தூர் பக்கத்துப் பள்ளி; நான் உயிரியல் ஆசிரியர். 'குடல் பாக்டீரியாவும் மனப்பதற்றமும்' என்று தலைப்பை நானே வைத்தேன். (சொந்த அனுபவம் தந்த தைரியம்!)

விழாவன்று காலை அம்மா போனில் குண்டைப் போட்டார்.

"பொம்மிடிப் பொண்ணும் அவங்க அப்பாவும் உன் பேச்சக் கேக்க வராங்களாம்டா. புடிச்சிருந்தா மேக்கொண்டு பேசலாம்னு சொன்னாங்க. பாத்துப் பேசு சாமி."

அதற்கு முன் வந்த வரன்களெல்லாம் தட்டிப்போயிருந்தன. வயிறு உடனே ஆரம்பித்தது. நல்ல பாக்டீரியா உள்ளே போனால் அடங்கும் என்று ஒரு சொம்பு மோர் குடித்தேன். போதாதென்று பழைய சோற்றுத் தண்ணீரும். (உயிரியல் படித்தவன் செய்கிற வேலையா?)

மேடையேறினேன். முன்வரிசையில் வெள்ளை வேட்டியில் பெண்ணின் அப்பா. பக்கத்தில் அவர் மகள் கவிதா.

"மூளைக்கும் குடலுக்கும் ஓயாம பேச்சுவார்த்தை நடக்குது. மனசு பதறினா வயிறு கெடும். வயிறு கெட்டா மனசும் பதறலாம். நம்ம சுபாவத்துலகூட பாக்டீரியாவுக்குப் பங்கு இருக்குதான்னு ஆராய்ச்சி பண்றாங்க..."

அடிவயிற்றில் இடி உருண்டது. முதுகெல்லாம் வியர்வை. பெண்ணின் அப்பா நெற்றியைச் சுருக்கி என்னையே பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு வாக்கியம். கால்களைப் பின்னிக்கொண்டு இன்னொன்று. அதற்குமேல் முடியவில்லை. "ஒரு நிமிஷம்" என்று இறங்கி ஓடினேன்.

ஆசிரியர் கழிப்பறையில் பூட்டு தொங்கியது. வெளியாட்கள் நுழைந்துவிடுவார்கள் என்று தலைமையாசிரியர் பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டிருந்தார். அவரோ நான் விட்டுப்போன மைக்கைப் பிடித்துக் கூட்டத்தைச் சமாளித்துக்கொண்டிருந்தார். வேறு வழியில்லை. மறுபடி மேடையேறி, அவர் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னேன்.

"சார், கக்கூஸ் சாவி குடுங்க. தாங்காது!"

வேப்பமரத்தில் கட்டிய ஸ்பீக்கர் அதை ஊருக்கே சொன்னது. அந்தச் சிரிப்பு கழிப்பறைக்குள்ளும் என்னைத் துரத்தி வந்தது.

பின்வாசல் வழியாக நழுவப் பார்த்தேன். சைக்கிள் ஸ்டாண்டில் அப்பாவும் மகளும் நின்றிருந்தார்கள்.

"இப்பத் தேவலைங்களா தம்பி?" என்றார் அவர். நான் தரையைப் பார்த்தேன். சம்பந்தம் போச்சு.

கவிதா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "சாவி உங்ககிட்டத்தான இருக்குதுங்க?"

"ஆமாங்க."

"கொஞ்சம் குடுங்க. உங்களப் பாக்கணும்னு காலையில இருந்தே எனக்கும் கலக்குதுங்க."

அவள் அப்பா தலையில் கை வைத்துக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து நாங்கள் வீடு கட்டியபோது, மாமனார் மேஸ்திரியிடம் தனியாகப் பேசினார். "சாமி ரூம எங்க வேணா வைங்க. கக்கூஸ் மட்டும் ரெண்டு வேணும். இவங்க ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துலதான் பயம் வரும்."

சொந்தக்காரர்கள் யார் வந்தாலும், வீட்டில் அவர் முதலில் காட்டுவது அந்த இரண்டு கதவுகளைத்தான். கதையையும் அங்கேயே நின்று சொல்லிவிடுவார்.