வில்பட்டிக்குப் போன கடிதங்கள்

“எம்மகளை நிப்பாட்டிடுறேன் சார். டீசியைக் குடுங்க.”

தாவரவியல் துறை வாசலில் நின்ற நல்லசாமியின் வேட்டி முழுக்க மண். வில்பட்டியில் பூண்டு எடுத்துக்கொண்டிருந்தவர் அப்படியே பஸ் ஏறி வந்திருந்தார். பேராசிரியர் பாலகுமார் டீயை வைத்துவிட்டு எழுந்தார்.

“ஏங்க, பாராட்டித்தானே கடிதம் போட்டேன்?”

“பாராட்டா? வீட்ல வாசிக்கக் கேட்டு மானமே போச்சு. காலேஜ்லருந்து காயிதம் நல்லதுக்கா வரும்?”

போன வருடம் மூன்று பெண்கள் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டார்கள். ‘குறை சொல்லத்தான் நமக்குத் தெரிகிறது, பிள்ளைகளின் நிறையை எழுதி வீட்டுக்கு அனுப்புங்கள்’ என்று முதல்வர் தேவகுமாரி உத்தரவு போட்டார். பாலகுமார் முதல் கடிதத்தை, வகுப்பிலேயே முதலாக வரும் முருகேஸ்வரிக்காக எழுதினார். ‘பாடத்தில் தவறென்றால் ஆசிரியரையே துணிந்து கேள்வி கேட்பாள்’ என்று மனசாரப் புகழ்ந்திருந்தார்.

அந்தத் துணிச்சல்தான் வினையாகிவிட்டது என்று இப்போது உறைத்தது. அரை மணி நேரம் நின்றபடியே அவளைப் புகழ்ந்து தள்ளினார்.

“வாயால நல்லாத்தான் சொல்றீங்க. எழுதுறப்ப ஏன் சார் அப்படி எழுதுறீங்க?” என்று முறைத்துவிட்டு நல்லசாமி கிளம்பினார்.

பாலகுமார் முருகேஸ்வரியைக் கூப்பிட்டார். அவள் தரையைப் பார்த்தபடி, “அப்பா கோவக்காரருங்க சார். இன்னொண்ணு எழுதிப் பாருங்க” என்றாள்.

இரண்டாவது கடிதத்தில் துணிச்சலை எடுத்துவிட்டு அடக்கத்தைப் போட்டார். நான்காம் நாள் நல்லசாமி மறுபடியும் வந்தார். கூடவே மைத்துனர் சேனாதிபதி, தோளில் துண்டோடு.

“இதுக்கு மொதக் காயிதமே தேவல சார்!”

“அக்கா மகளை இப்படியா எழுதுவீக? நாங்க என்ன ஆளில்லாத குடும்பமா?” என்றார் சேனாதிபதி.

இந்த முறை புகழ்ந்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது.

பாலகுமாருக்குச் சோறு இறங்கவில்லை. நல்லது செய்யப்போய் ஒரு பெண்ணின் படிப்பில் மண்ணைப் போட்டுவிடுவோமோ என்று பயந்தார். கடித நகலை எடுத்துக்கொண்டு தமிழ்த்துறை சத்தியபிரியாவிடம் ஓடினார்.

“இதுல எனக்கே ஒரு குத்தமும் தெரியலையே சார். வேணும்னா சுருக்கமா எழுதுங்க.”

மூன்றாவது கடிதத்தில் நாலே சொல்: ‘முருகேஸ்வரி மிகவும் நல்ல பெண்.’

“இதுல சண்டைக்கு எடமே இல்ல” என்றார் சத்தியபிரியா.

வியாழக்கிழமை, முட்டைக்கோஸ் ஏற்றும் பிக்கப் ஒன்று கல்லூரிக்குள் நுழைந்தது. பின்னால் பதினோரு பேர். நல்லசாமி குதித்து இறங்கினார்.

“டீசி வாங்காமப் போறதில்ல!”

பாலகுமாருக்கு எங்கிருந்துதான் அந்த ஆவேசம் வந்ததோ, வராந்தா பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்.

“கேளுங்கய்யா! உங்க ஊர்ப் பூண்டெல்லாம் வேரழுகிக் கெடந்தப்ப, ஏன்னு மைக்ராஸ்கோப்புல கண்டுபிடிச்சது யாரு? இந்தப் பொண்ணு! நான் நடத்துன பாடமே தப்புன்னு நிரூபிச்சது யாரு? இந்தப் பொண்ணு! மத்தியானச் சாப்பாட்டைத் தள்ளி வச்சிட்டு ஜூனியர் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்குறா. பதினாறு வருஷத்துல இப்படி ஒருத்தியை நான் பாத்ததில்ல!”

ஜன்னல்களில் மாணவர்கள் கைதட்டினார்கள். சேனாதிபதி துண்டால் கண்ணைத் துடைத்தார். நல்லசாமி, ஓரமாக நின்ற மகளைப் பார்த்துவிட்டுப் பாலகுமாரிடம் திரும்பினார்.

“இத மொதல்லயே எழுதித் தொலைச்சிருக்கலாம்ல சார்? படிக்கட்டும். எம்மெஸ்ஸியும் படிக்கட்டும்.”

பாலகுமார் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். எல்லாரும் வண்டியில் ஏறினார்கள். முருகேஸ்வரியின் அம்மா பொன்னுத்தாய் மட்டும் ஏறப்போனவர் திரும்பி வந்து, குரலைத் தாழ்த்தினார்.

“பட்டம் வாங்குறா, வாங்கன்னு கூப்பிட்டா இதுல ஒருத்தரும் சோலியப் போட்டுட்டு வரமாட்டாக சார்; விழாவுக்கு முன்னாடி நல்லதா இன்னொரு காயிதம் போடுங்க, எப்பவும்போல எம்மக அத நீங்க திட்டி எழுதுன மாதிரியே வாசிச்சுக் காட்டிருவா.”