உன் போன்ல கொஞ்சம் பாரேன்

கட்டற்றவர் என்றொரு இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார். தம் கணினியில் ஓடும் இயங்குதளத்தின் ஒவ்வொரு வரியையும் யாரும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்றிருந்தால்தான் அதைத் தொடுவேன் என்று சபதம் எடுத்தவர் அவர். பூட்டுப் போட்ட மென்பொருள் ஒரு துளி கலந்தாலும் ஆகாது. இதற்குக் கட்டற்ற மென்பொருள் என்று பெயர். "ஓ, இலவசமா கிடைக்குமே, அதுவா?" என்று மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். இலவசம் வேறு, சுதந்திரம் வேறு என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் உங்கள் தேநீர் ஆறி, மேலே ஆடை கட்டியிருக்கும்.

நாம் பார்க்கப்போகும் கட்டற்றவர் ஓர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவர். தம் இயங்குதளத்தின் வரிகளை அவர் திறந்து பார்த்திருக்கிறாரா? இல்லை. நிரல் எழுதவோ படிக்கவோ அவருக்குத் தெரியாது. ஆனால் பார்க்க நினைத்தால் பார்க்கலாம் அல்லவா? அது போதும் அவருக்கு.

அவருடைய கணினிக்கு வயது பன்னிரண்டு. அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் கெட்டுப்போனவை என்பது அவர் கட்சி. கம்பியில்லா இணையத்துக்கு வேண்டிய சில்லு பூட்டுப் போட்ட மென்பொருளைக் கேட்பதால் அதைப் பிடுங்கிவிட்டார். எனவே கட்டற்றவரின் கணினி நான்கு மீட்டர் கம்பியால் சுவரோடு கட்டப்பட்டிருக்கிறது. கம்பி கூடத்தைக் கடந்து, சமையலறை வாசலில் முழங்கால் உயரத்தில் போகிறது. பதினோரு வருடமாக அதைத் தாண்டிப் பழகிய அவர் மனைவி, இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் சமையலறை வாசலில் ஒரு காலைத் தூக்கித்தான் நுழைகிறார்.

யார் கையில் மடிக்கணினியைக் கண்டாலும் கட்டற்றவர் முகம் வைத்தியர் முகமாகிவிடும். "எவ்வளவு நாளா இப்படி?" என்பார். ஒருமுறை பக்கத்துத் தெருவில் இருக்கும் மைத்துனரின் கணினிக்கு விடுதலை வாங்கிக்கொடுத்தார். விடுதலை கிடைத்தது, சத்தம் போனது. எட்டு மாதமாக மைத்துனர் படங்களை உதட்டசைவை வைத்தே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அப்படியானால் வங்கி, மருத்துவரிடம் நேரம் வாங்குவது, மின்கட்டணம், வழி தேடுவது இதெல்லாம்? அங்கேதான் இந்த இனத்தின் மந்திரம் வருகிறது. "ஏம்மா, உன் போன்ல கொஞ்சம் பாரேன்." ஒரு நாளைக்குப் பத்துத் தடவை. கட்டற்றவரின் கணினி பளிங்காக இருந்தது. பாவமெல்லாம் மனைவியின் போனில் சேர்ந்தது.

இப்படி இருக்கையில், ஆறு வருடம் கேட்டும் கிடைக்காத அழைப்பு ஒருநாள் வந்தது. இருநூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு மாநாடு. தொடக்க உரை அவருடையது. தலைப்பு: 'எந்தக் கருவிக்கும் நான் அடிமையில்லை'. சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. கண்ணாடி முன் நின்று நான்கு முறை பேசிப் பார்த்தாயிற்று. புறப்படுவதற்கு முந்தைய நாள் மத்தியானம் மனைவி வேலையிலிருந்து வந்ததும், கட்டற்றவர் மந்திரத்தைச் சொன்னார்.

"ஏம்மா, காலைல ஏழு மணி ரயிலுக்கு உன் போன்ல ஒரு டிக்கெட் போட்டுடேன்."

"முடியாதுங்க."

"ஏன், சார்ஜ் இல்லையா?"

"அந்த ஆப் இல்ல. எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

மனைவி ஒரு பல் மருத்துவரிடம் வரவேற்பாளராக இருக்கிறார். அங்கே காத்திருப்போர் படிக்கட்டும் என்று கட்டற்றவர் தம்முடைய பன்னிரண்டு பக்கத் துண்டுப் பிரசுரத்தில் இருபது பிரதிகளை வைத்திருந்தார். பல்வலிக்காரர்கள் ஒருவரும் தொடவில்லை. சாப்பாட்டு இடைவேளையில் மனைவி படித்துவிட்டார்.

"நாலாம் பக்கத்துல, 'ஒரு வீட்டில் ஒரு கருவி கட்டுண்டு கிடந்தாலும் அந்த வீடே கட்டுண்டு கிடக்கிறது'ன்னு எழுதியிருக்கீங்க. எனக்குச் சரின்னு பட்டுச்சு."

பதினோரு வருடப் பிரசாரத்தில் முதல் வெற்றி! கட்டற்றவர் துள்ளிக் குதித்திருக்க வேண்டாமா? அவருக்கு வியர்த்தது.

"நல்ல முடிவுதான்... நாளன்னிக்கு எடுத்திருக்கலாமே? அதுவும் நான் உனக்கா எழுதினேன்? பொதுமக்களுக்குத்தானே எழுதினேன்!"

"நான் பொதுமக்கள்ல சேர்த்தி இல்லையா?"

கட்டற்றவர் தம் கணினியில் ரயில்வே பக்கத்தைத் திறந்தார். பூட்டுப் போட்ட நிரலை அனுமதித்தால்தான் தெரிவேன் என்று அது வெள்ளையாக நின்றது. மைத்துனர் வீட்டுக்கு ஓடினார். "என் கம்ப்யூட்டர்ல சத்தம் வரட்டும் மச்சான், அப்புறம் பேசலாம்" என்று கதவு சாத்தப்பட்டது. ஆறு வருட ஆசை போயிற்றே என்று திண்டாடித் திரும்பியவரிடம் மனைவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "ஸ்டேஷன்ல இன்னும் கவுன்ட்டர் இருக்கு. வாங்க."

வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஒரு மணி நாற்பது நிமிடம் நின்றார்கள். கட்டற்றவர் கால் மாற்றி நின்றார், பெருமூச்சு விட்டார், காற்றாடி சுற்றாததைக் கண்டித்தார். கடைசியில் முறை வந்தபோது பழக்க தோஷம் விடவில்லை. கவுன்ட்டர் கம்பிகளுக்குள் தலையை நீட்டி எழுத்தரின் கணினியைப் பார்த்தார்.

"என்ன சார் எட்டிப் பாக்கறீங்க?" என்றார் எழுத்தர்.

"இதுல என்ன இயங்குதளம் ஓடுது?"

"இங்க ரயில்தான் சார் ஓடுது. எந்த ஊருக்கு?"

காகித டிக்கெட் கைக்கு வந்தது. அதைச் சட்டைப்பையில் வைக்கும்போது மனைவி கோபமே இல்லாமல் சொன்னார்: "இந்த வரிசை பதினோரு வருஷமா இங்கதான் இருக்குங்க. உங்களுக்குப் பதிலா நான் போன்ல நின்னேன், அவ்வளவுதான்." கட்டற்றவருக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது. கொள்கையில் ஒரு பிழையும் இல்லை. ஆனால் அதற்கான கால்வலி இன்றுதான் முதல்முறையாக அவர் காலுக்கு வந்திருந்தது.

மறுநாள் உரை அமோகம். முடிந்ததும் ஒருவர் எழுந்து, "இத்தனையும் தவிர்த்துட்டு அன்றாட வேலையை எப்படி சார் சமாளிக்கிறீங்க?" என்று கேட்டார். "என் மனைவி போன்ல" என்றார் கட்டற்றவர். அரங்கம் விழுந்து விழுந்து சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

நீங்களும் சிரித்தாயிற்றா? உங்கள் கணினியில் ஆயிரம் பூட்டு இருக்கலாம். அதனால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் பையைத் தொடாதவர், தொலைக்காட்சியே பார்க்காதவர், கடன் அட்டை வைத்திருக்காதவர் என்று நீங்களும் எதிலாவது சுத்தமானவராகத்தானே இருப்பீர்கள்? ஒன்று செய்யுங்கள். அடுத்த அறையில் இருப்பவரிடம் போய், "என் கொள்கைக்காக நீ என்னென்ன பண்ற?" என்று கேளுங்கள். போகும்போது ஒரு நாற்காலியையும் எடுத்துக்கொண்டு போங்கள். பதில் முடிய நேரமாகும்.