கம்ப்யூட்டரில் ஓடிய ஒடுகத்தூர் பஸ்

வேலூரின் அத்தனை பஸ்களையும், ஷேர் ஆட்டோக்களையும், காட்பாடி ரயில்களையும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல் ஓட்டிய ஒரே மனிதர் எங்கள் ‘புள்ளி சார்’தான். அவருக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்பது வேறு விஷயம்.

லாங் பஜாரில் ஒரு மண்டிக்கு மேல்மாடியில் எங்கள் கம்பெனி. ஒரே டிக்கெட்டில் பஸ், ஆட்டோ, ரயில் மூன்றிலும் போக முடியுமா என்று கம்ப்யூட்டரில் ஊரையே ஓட்டிப் பார்ப்பது அவர் வேலை. திரையில் பயணிகள் எல்லாம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் தெரிந்தவர் பெயரை வைத்துவிடுவார்.

“இன்னிக்கு நீங்க ரயில வுட்டுட்டீங்க சார். ரொம்ப பேஜாராப் போச்சி” என்று டீ நேரத்தில் என்னிடம் வருத்தப்படுவார். என் வீடு இரண்டு தெரு தள்ளி. எனக்கு ரயிலே தேவையில்லை.

நம்மூரில் யாராவது கை காட்டிக்கொண்டே ஓடிவந்தால் டிரைவர் பஸ்ஸை நிறுத்துவார் அல்லவா? அதையும் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொடுத்தார். எல்லாப் புள்ளிகளும் கை காட்டின, எல்லா பஸ்களும் நின்றன. நிஜ லாங் பஜாரே தேவலை என்னும்படி திரை அடைத்துக்கொண்டது.

மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். “யோவ், நாளைக்கு கவர்மென்ட் ஆபீசருங்க வர்றாங்க. அவங்க சரின்னாத்தான் உன் வேலை பர்மனென்ட். அந்தக் கை காட்றத மொதல்ல தூக்கு!”

தூக்கினார். மறுநாள் ஆபீசர்கள் முன்னால் பஸ்கள் சொன்ன நேரத்துக்கு ஓடின. மேனேஜர் முகமெல்லாம் பல். திடீரென்று புள்ளி சார் எதையோ தட்ட, ஒடுகத்தூர் பஸ் நடுரோட்டில் நின்றது.

“இன்னாப்பா ஆச்சு?” என்றார் பெரிய ஆபீசர்.

“சாந்தியக்கா ஓடியாறாங்க சார்.”

சாந்தி அக்கா எங்கள் ஆபீசைப் பெருக்குகிறவர். ஒடுகத்தூரில் தினமும் ஓடிவந்துதான் பஸ் ஏறுவார். அப்போது கையில் காபித் தட்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஆபீசர் சிரிக்கவில்லை. “இந்த பஸ்ஸ வுட்டா அடுத்தது எப்போ?”

“மத்தியானம்தான் சார்” என்றார் சாந்தி அக்கா, கம்ப்யூட்டரை முந்திக்கொண்டு.

“அப்போ கொஞ்சம் நிறுத்தித்தான் ஓட்டிக் காட்டுப்பா.”

பஸ் தாமதமாகத்தான் வேலூர் வந்தது. ஆனால் அங்கே காத்திருந்த ஷேர் ஆட்டோ எல்லாப் புள்ளிகளையும் வாரிப்போட்டுக்கொண்டு பறந்து, காட்பாடி ரயிலைப் பிடித்துவிட்டது. ஆபீசர் கை தட்டினார். வேலை நிரந்தரமானது. சாந்தி அக்கா புள்ளி சாருக்கு மட்டும் இன்னொரு காபி கொடுத்தார்.

பிறகு அவரைக் கோவைக்கு மாற்றிவிட்டார்கள். போன வாரம் போன் வந்தது.

“சார், நீங்க இன்னிக்கு ரயிலப் புடிச்சிட்டீங்க!”

அந்த ஊர்த் திரையிலும் எனக்கு ஒரு புள்ளி வைத்திருக்கிறார். ரயிலே ஏறாத எனக்கு அன்று முழுக்க அத்தனை சந்தோஷம்.